கொதிக்கும் ஜெட் இன்ஜினிலும் அசராத செராமிக்: பிஸ்மத் டைட்டனேட் என்றால் என்ன? ஈயத்துக்கு மாற்றாகுமா?

கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு தீப்பொறி தெறிக்கும். உள்ளே பேட்டரி கிடையாது. ஒரு சின்ன செராமிக் துண்டை சுத்தியல் மாதிரி ஒரு உலோகம் அடிக்கிறது. அந்த அடியே மின்சாரமாக மாறுகிறது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் பீசோஎலக்ட்ரிக் விளைவு. 1880இல் பிரான்ஸில் இதைக் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள். மேரி கியூரியின் கணவரான அதே பியர்தான்.

லைட்டரில் தொடங்கி மருத்துவமனை ஸ்கேன் கருவி வரை இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது 'பி.இசட்.டி' என்ற செராமிக். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்த பொருள். இதன் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஈயம் மட்டுமே! குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சு உலோகம் என்பதால், 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்கு ஐரோப்பிய யூனியன் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் இந்த செராமிக்குகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. காரணம் சிம்பிள், சரியான மாற்று இல்லை.

அந்த மாற்றுக்கான தேடலில் அடிக்கடி அடிபடும் பெயர்தான் பிஸ்மத் டைட்டனேட்.

ஏன் பிஸ்மத்?

தனிம அட்டவணையில் ஈயம் 82, பிஸ்மத் 83. அடுத்தடுத்த வீடு. பி.இசட்.டி இவ்வளவு நன்றாக வேலை செய்ய ஈய அணுவின் வெளி எலக்ட்ரான்களின் அமைப்பு ஒரு முக்கியக் காரணம். ஆக்சைடாக மாறும்போது பிஸ்மத்துக்கும் அதே அமைப்பு வந்துவிடுகிறது. ஆனால் நச்சுத்தன்மை ஈயத்தைவிட மிகக் குறைவு. வயிற்றுக் கோளாறு மருந்துகளிலேயே பிஸ்மத் சேர்மங்கள் இருக்கின்றன.

யூடியூபில் வானவில் நிறத்தில், படிக்கட்டு மாதிரி மின்னும் பிஸ்மத் படிகங்களைப் பார்த்திருப்பீர்கள். அது தனி உலோகம். 271 டிகிரியிலேயே உருகிவிடும். நாம் பேசுவது அதுவல்ல, பார்க்க சாதாரணமாக இருக்கும் ஒரு வெளிர் நிறத் தூள்.

4 பிஸ்மத், 3 டைட்டானியம், 12 ஆக்சிஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த சேர்மம்தான் இந்தக் குடும்பத்தில் பிரபலம். இந்த வகைப் படிகங்களின் அமைப்பை 1949இல் விளக்கியவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெங்ட் அவுரிவில்லியஸ். அடுக்கு பிஸ்கட் மாதிரி யோசித்துப் பாருங்கள். டைட்டானியம் இருக்கும் அடுக்குகள் மூன்று, அதன் மேல் மெல்லிய பிஸ்மத் ஆக்சைடு அடுக்கு ஒன்று, மறுபடி மூன்று... இப்படியே போகும்.

சூட்டில்தான் இதன் பலம்

எந்த பீசோ செராமிக்குக்கும் 'கியூரி வெப்பநிலை' என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அழுத்தத்தை மின்சாரமாக்கும் தன்மை போய்விடும். ஆறவைத்தாலும் தானாகத் திரும்பாது. மறுபடி உயர் மின்னழுத்தம் கொடுத்தால்தான் உண்டு. பி.இசட்.டியின் எல்லை வகையைப் பொறுத்து சுமார் 350 டிகிரி செல்சியஸ். அதற்கு வெகு முன்பே அது சோர்ந்துவிடும். பிஸ்மத் டைட்டனேட்டுக்கோ 675 டிகிரி!

இதனால்தான் ஜெட் இன்ஜின், மின்நிலைய டர்பைன்களின் அதிர்வு சென்சார்களில் இதற்கு இடம் கிடைத்தது. சென்சாருக்குள் செராமிக் மேல் ஒரு சின்ன எடை உட்கார்ந்திருக்கும். இன்ஜின் அதிர அதிர அந்த எடை செராமிக்கை அழுத்தும், மின்னூட்டம் பிறக்கும். பேரிங் தேய்ந்தாலோ, பிளேடு சேதமானாலோ அதிர்வு மாறும். அது விமானி அறைத் திரையில் எண்ணாகத் தெரியும். சுமார் 480 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும் பிஸ்மத் டைட்டனேட் சென்சார்கள் சந்தையில் உள்ளன. அந்த இடத்தில் சாதாரண பி.இசட்.டியை வைத்தால், இன்ஜினில் கோளாறு வரும் நேரத்தில் எச்சரிக்கை வராமலே போகலாம்.

அப்போ லைட்டரிலும் இதையே வைக்கலாமே?

இங்கதான் சிக்கல். ஒரே அளவு அழுத்தத்துக்கு பி.இசட்.டி கொடுக்கும் மின்னூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இது கொடுப்பதில்லை. நியோபியம் போன்ற தனிமங்களைக் கொஞ்சம் கலந்தால் முன்னேற்றம் உண்டு, ஆனாலும் எட்டவில்லை. தயாரிப்பதும் லேசு இல்லை. 1,000 டிகிரிக்கு மேல் சுடும்போது பிஸ்மத் கொஞ்சம் ஆவியாகிப் படிகத்தில் ஓட்டைகள் விழுகின்றன. அவை வழியே மின்சாரம் கசிகிறது.

சோடியம் கலந்த 'சோடியம் பிஸ்மத் டைட்டனேட்' இன்னொரு போட்டியாளர். 1960களின் தொடக்கத்தில் சோவியத் விஞ்ஞானிகள் அறிமுகப்படுத்தியது. மின்னூட்டம் அதிகம் தரும். ஆனால் 200 டிகிரியை நெருங்கும்போதே பலவீனமாகிவிடும். ஒன்றில் சூடு தாங்கும் சக்தி, இன்னொன்றில் மின்சக்தி. இரண்டும் ஒரே பொருளில் வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் தலைவலி.

மெமரி சிப்பிலும் எட்டிப் பார்த்தது

மின்சாரம் நின்றாலும் தகவலை மறக்காத மெமரி சிப்களிலும் இதற்கு ஒரு கதை உண்டு. பி.இசட்.டி படலத்தில் திரும்பத் திரும்ப எழுதி அழித்தால் அது களைத்துவிடும். லந்தனம் சேர்த்த பிஸ்மத் டைட்டனேட் அப்படிக் களைப்பதில்லை என்று 1999இல் தென்கொரிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் காட்டினர். ஆனால் நம் போன்களில் ஜெயித்தது ஃபிளாஷ் மெமரிதான்.

பிஸ்மத் அதிகமாக, டைட்டானியம் குறைவாக உள்ள படிகங்கள் ஹோலோகிராம் ஆய்வுகளில் பயன்படுகின்றன. சூரிய ஒளியில் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சோதனைகளும் நடக்கின்றன. சாதாரண டைட்டானியம் ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் தேவை, பிஸ்மத் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஓரளவு வேலைக்கு ஆகும். இன்னும் பெரும்பாலும் லேப் அளவில்தான்.

பிஸ்மத் எங்கிருந்து வருகிறது?

இதுதான் கொஞ்சம் வேடிக்கை. பிஸ்மத்துக்கென்றே தனியாக இயங்கும் சுரங்கங்கள் மிக அரிது. பெரும்பாலும் ஈயம், டங்ஸ்டன் தாதுக்களைச் சுத்திகரிக்கும்போது உபரியாகக் கிடைப்பதுதான். அதாவது ஈயத்தை ஒழிக்க உதவும் பொருளே ஈயத்தை நம்பித்தான் இருக்கிறது!

உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு. 2025 பிப்ரவரியில் பிஸ்மத் உள்ளிட்ட 5 உலோகங்களுக்கு சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவர, சில வாரங்களிலேயே சீனாவுக்கு வெளியே விலை பல மடங்கு எகிறியது. சென்சார் ஒன்றுக்குத் தேவைப்படும் அளவு மிகக் குறைவு என்பதால் விமானத்துறைக்கு இது பெரிய அடி இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் தயாராகும் மலிவுப் பொருட்களில் ஈயத்துக்குப் பதில் பிஸ்மத் என்று இறங்கினால், அப்போது ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்க வேண்டிவரும்.