ஊருபங்கத்தில் துரியோதனனின் வீழ்ச்சி: வழுவும் தெளிவும்

முன்னுரை

இன்ப முடிவையே பெரிதும் விழைவது வடமொழி நாடக மரபு. மேடையில் இறப்பைக் காட்டலாகாது என்பதும் அம்மரபின் விதி. இவ்விரண்டினின்றும் விலகி நிற்பது, பாசன் இயற்றியதாகக் கருதப்பெறும் ஊருபங்கம் என்னும் ஓரங்க நாடகம். காளிதாசன் பெயர் சுட்டிப் போற்றிய பாசனின் நாடகங்கள் இவை எனக் கொண்டு, பதின்மூன்றினைக் கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்திலிருந்து பதிப்பித்தார். ஊருபங்கம் அடங்கிய மலையாள எழுத்துச் சுவடி பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கிடைத்தது. அன்று திருவிதாங்கூராக இருந்த அப்பகுதி 1956இல் தமிழகத்தோடு இணைந்தது. நாடகங்களின் ஆசிரியர் குறித்த கருத்து வேறுபாடு இன்றும் தொடர்கிறது. துரியோதனனின் அவலம் எவ்விடத்தில் பிறக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மானம் என்னும் வழு

கதாயுத்தத்தில் கண்ணன் தன் தொடையைத் தட்டிக் குறிப்புக் காட்ட, வீமன் அறம் பிறழ்ந்து துரியோதனனின் தொடைகளை முறிக்கிறான். இவ்வஞ்சனையே அவலத்திற்குக் காரணம் எனல் எளிது. ஆயின் நாடகம் அவ்வாறு கூறவில்லை. திரௌபதியின் கூந்தலைப் பற்றியது, சிறுவன் அபிமன்யுவைக் கொன்றது, சூதினால் பாண்டவரைக் காட்டிற்கு அனுப்பியது ஆகியவற்றைத் துரியோதனனே எண்ணிப் பார்த்து, தான் செய்தவற்றை நோக்க அவர்கள் தனக்குச் செய்தது சிறிதே என்கிறான். அதே உரையாடலில், அரசர்க்கு மானமே உடல் என்றும், மானத்தின் பொருட்டே போரை ஏற்றதாகவும் சொல்கிறான். குற்றங்களை உணர்ந்தவன் அவற்றின் வேரை இன்னும் பெருமையாகவே கருதுகிறான்.

காலந்தாழ்ந்த தெளிவு

மகாபாரதத்தில் துரியோதனன் இறுதிவரை பகை தணியாதவன், அசுவத்தாமனைப் படைத்தலைவனாக்குபவன். நாடகத்திலோ, வீமனைக் கொல்லச் சினந்தெழும் பலராமனைத் தடுக்கிறான். அசுவத்தாமனையும் தணிக்க முயல்கிறான். தந்தையின் தொடையில் அமர வரும் மகன் துர்ச்சயனை விலக்கவேண்டிய நிலை அவனுக்கு நேர்கிறது. காப்பியத்தில் அவையோர் முன் திரௌபதிக்குக் காட்டப்பட்ட தொடையை நினைப்போர்க்கு, தீவினையின் பயன் ஏதுமறியாச் சிறுவனையும் சென்றடைவது இங்கே புலனாகும். தன்னைப் போலவே பாண்டவர்க்கும் பணிவிடை செய்யுமாறு மகனுக்கு அவன் அறிவுரை கூறுகிறான்.

எனினும் அசுவத்தாமன் தணியவில்லை. துர்ச்சயனை அரசனாக அறிவிக்கிறான். அதனைத் தடுக்காத துரியோதனன், தன் நெஞ்சம் விழைந்தது நிறைவேறியதாக உவந்து உயிர் விடுகிறான். உறங்குவோரைக் கொல்ல அசுவத்தாமன் வில்லேந்திப் புறப்படுகிறான்.

முடிவுரை

அரிஸ்டாட்டில் கூறும் துன்பியல் தலைவனின் வழு, அவனை வீழ்த்துவது. ஊருபங்கத்தில் அவ்வழு வீழ்ந்தவனையும் கடந்து வளர்கிறது. மன்னிப்பைத் தேர்ந்தவன், மணிமுடி மகனுக்கு நீட்டப்பட்டபோது மீண்டும் மானத்தையே தேர்கிறான். தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் இளிவும் இழவும் இங்கு உள. ஆயினும் நாடகத்தின் பெருந்துயர் தொடை முறிந்ததில் இல்லை. தெளிவு பிறந்தும் அது இறுதி மூச்சுவரை நில்லாமற் போனதில் இருக்கிறது.