காசை வக்ஃபு செய்யலாமா? உஸ்மானியர் காலத்து ஒரு வழக்கு

இஸ்லாமிய நாகரிகம் உலகுக்கு விட்டுச்சென்றது என்ன என்று தேர்வில் கேட்டால் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் எழுதுவோம். அல்ஜீப்ரா, இப்னு சீனாவின் மருத்துவ நூல், அல்ஹம்ப்ரா அரண்மனை, தாஜ்மஹால். சட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. "ஷரீஅத்தா? அது 7-ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துபோன விஷயமாச்சே" என்ற நினைப்புதான் காரணம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், உஸ்மானியப் பேரரசில் நடந்த ஒரு விவாதத்தைப் பற்றிப் படிக்கும் வரை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் வக்ஃபு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒருவர் தன் சொத்தை இறைவனுக்காக என்று ஒதுக்கிவிடுகிறார். அதன் பிறகு அதை விற்க முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, வாரிசுகள் பங்கு போட்டுக்கொள்ளவும் முடியாது. சொத்து அப்படியே நிற்கும், வருமானம் மட்டும் அறத்துக்குப் போகும். கைபரில் கிடைத்த நிலத்தை உமர் இப்படி ஒதுக்கியது ஆரம்பகால உதாரணம். பள்ளிவாசல், மதரஸா, மருத்துவமனை, சத்திரம், குடிநீர்த் தொட்டி என்று இன்று நாம் அரசிடம் எதிர்பார்க்கும் பல சேவைகள் அன்று வக்ஃபு வருமானத்தில்தான் நடந்தன. சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் ஜெருசலேமில் ஏழைகளுக்காக ஏற்படுத்திய உணவுக்கூடத்துக்கும் (1552) கிராமங்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது.

சரி, கிராமமும் கடைத்தெருவும் வைத்திருப்பவர் வக்ஃபு செய்யலாம். கொஞ்சம் காசு மட்டுமே சேர்த்து வைத்திருக்கும் ஒரு தையற்காரரோ ஒரு விதவையோ என்ன செய்வது?

15-ஆம் நூற்றாண்டு தொடங்கி உஸ்மானிய நகரங்களில் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காசையே வக்ஃபு செய்தார்கள். ஒருவர் 1000 வெள்ளிக்காசு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்ஃபின் நிர்வாகி அதைத் தேவைப்படுவோருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கடனாகக் கொடுப்பார். ஆண்டுக்கு வரும் 100 காசில் தெருப் பள்ளியில் குர்ஆன் ஓதிக்கொடுப்பவருக்குச் சம்பளம், விளக்குக்கு எண்ணெய். சில தெருக்களில் ஏழைகளின் வரி பாக்கியைக் கட்டவும் இப்படிப்பட்ட நிதி இருந்தது.

"அது வட்டிதானே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வட்டி ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நேரடியாக வட்டி என்று எழுத மாட்டார்கள். கடன் வாங்குபவர் தன் வீட்டை அந்தத் தொகைக்கு வக்ஃபுக்கு விற்றதாக எழுதிக்கொடுப்பார். பிறகு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பார். வாடகைதான் வருமானம். அசலைத் திருப்பிக் கொடுத்ததும் வீடு அவருக்கே திரும்பிவிடும். காஜிகளும் இதைப் பதிவு செய்துகொடுத்தார்கள்.

இந்தப் பழக்கம் நூறாண்டுக்கு மேல் நடந்த பிறகுதான் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஷெய்குல் இஸ்லாம் பதவியில் இருந்து இறங்கியிருந்த சிவிஸாதே என்ற அறிஞர், இது செல்லாது என்றார். வக்ஃபு என்றால் நிலைத்து நிற்க வேண்டும். கைமாறிக்கொண்டே இருக்கும் காசு எப்படி நிலைக்கும்? போதாததற்கு வட்டியின் நிழல் வேறு. அவருடைய முயற்சியால் காசு வக்ஃபுகளுக்குத் தடை வந்தது.

எதிர்த்தரப்பில் நின்றவர் 1545 முதல் 1574 வரை ஷெய்குல் இஸ்லாமாக இருந்த எபூசுஊத். அவர் ஹனஃபி சட்ட நூல்களுக்குள்ளேயே பதில் தேடினார். இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான முஹம்மத் அஷ்ஷைபானி (மறைவு 805), மக்கள் வழக்கமாக வக்ஃபு செய்யும் பொருள் எடுத்துச் செல்லக்கூடியதாக இருந்தாலும் செல்லும் என்று கருதியவர். பழைய நூல்களில் இதற்குத் தரும் உதாரணங்கள் சுவையானவை: கோடாலி, ரம்பம், சமையல் பாத்திரம், ஜனாஸா தூக்கும் சந்தூக்கு. கோடாலிக்கு வழக்கம் சாட்சி என்றால் காசுக்கும் அதே வழக்கம்தானே சாட்சி என்பது எபூசுஊத் வாதம். இன்னொரு காரணமும் சொன்னார். இத்தனை காலம் நடந்ததை ஒரே நாளில் செல்லாது என்றால் அதை நம்பி நடக்கும் அறங்கள் என்ன ஆகும்? சோஃபியா நகரத்து சூஃபி பாலி எஃபெந்தியும் பால்கன் பகுதிப் பள்ளிவாசல்களின் கதியைச் சொல்லி தடையை எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார். 1548-இல் சுல்தான் தடையை நீக்கினார்.

கதை இங்கே முடியவில்லை. பிர்கிவி (1523–1573) என்ற மதரஸா ஆசிரியர் பேரரசின் தலைமை முஃப்தியையே எதிர்த்து எழுதினார். இவர் முன்பு எதிர்னே நகரில் இறந்தவர் சொத்தைப் பங்கு பிரிக்கும் அலுவலராக இருந்து, அந்த வேலையில் வாங்கிய கட்டணத்தைப் பின்னாளில் திருப்பிக் கொடுத்தவர் என்று சொல்கிறார்கள். அவர் கேள்வி எளிமையானது. வக்ஃபே செல்லாது என்றால் அந்தக் காசு வாரிசுகளுடையது. அதைத் தடுப்பது பாவம் இல்லையா? ஊர் முழுக்கச் செய்கிறது என்பதால் தவறு சரியாகிவிடுமா?

படிக்கும்போது நான் முதலில் எபூசுஊத் பக்கம்தான் இருந்தேன். ஆனால் பிர்கிவியை வெறும் பழமைவாதி என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. பிற்பாடு நடந்ததைப் பாருங்கள். 1585-86-இல் உஸ்மானிய வெள்ளிக்காசின் மதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நிலத்தை வக்ஃபு செய்திருந்தால் நிலம் அப்படியே இருந்திருக்கும். காசு நிலைக்காது என்று சொன்னவர்கள் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை!

இருந்தாலும் வழக்கம்தான் ஜெயித்தது. அரபு மாகாணங்களில் இது பெரிதாக வேரூன்றவில்லை என்றாலும் அனதோலியாவிலும் பால்கனிலும் காசு வக்ஃபுகள் நூற்றாண்டுகள் நீடித்தன. 19-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட உஸ்மானிய சிவில் சட்டமான மெஜல்லே, வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பதைத் தன் தொடக்க விதிகளிலேயே சேர்த்துக்கொண்டது. துருக்கியில் 1954-இல் வக்ஃபுகளின் பணத்தைக் கொண்டு ஒரு வங்கியே தொடங்கப்பட்டது. இந்தோனேசியா 2004-இல் கொண்டுவந்த வக்ஃபு சட்டம் பணத்தையும் வக்ஃபு செய்யலாம் என்கிறது.

இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் ஒரே மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஒரே நூல்களைப் படித்தவர்கள். இரண்டு தரப்புக்கும் இறையச்சம் இருந்தது. ஒருவருக்கு நாளை சம்பளம் கிடைக்காமல் போகும் ஆசிரியரைப் பற்றிக் கவலை. இன்னொருவருக்கு நல்ல காரியம் என்ற பெயரில் சட்டமே கரைந்துபோகுமோ என்ற கவலை. ஆணைக்கு முன்னும் பின்னும் அவர்கள் நூல் எழுதித்தான் வாதாடினார்கள்.

தாஜ்மஹாலைப் பார்க்க டிக்கெட் எடுத்தால் போதும். இந்தப் பாரம்பரியத்தைப் பார்க்கக் கொஞ்சம் பழைய சட்ட நூல்களைப் புரட்ட வேண்டும். அடுத்த தேர்வில் அந்தப் பட்டியலை எழுதும்போது, கோடாலியையும் சந்தூக்கையும் வைத்து வாதாடிய இந்த அறிஞர்களுக்கும் நான் ஒரு வரி ஒதுக்கப் போகிறேன். மார்க் கிடைக்குமா என்று தெரியவில்லை.

நீங்கள் எந்தப் பக்கம்? எபூசுஊதா, பிர்கிவியா?