பாதரசம் முதல் வோல்ட் வரை
அழுத்தத்தைக் கண்ணால் கண்டார் எவருமிலர். அது பிறிதொன்றில் விளைக்கும் மாறுதலையே மாந்தர் அளந்து வந்துள்ளனர். இத்தாலிய அறிஞர் தோரிசெல்லி 1644-ம் ஆண்டில் காற்றழுத்தத்தைப் பாதரசத்தின் உயரங்கொண்டு விளக்கினார். 1648-ல் பாஸ்கலின் தமக்கை கணவர் பெரியே, பிரான்சு நாட்டின் கிளேர்மோன் நகர மடத்தில் ஒரு குழாயை நிறுத்திவிட்டு, மற்றொன்றுடன் புய் தெ தோம் மலை ஏறினார். மடத்துக் குழாயில் பாதரச உயரம் மாறவில்லை, மலையுச்சியிலோ குறைந்தது.

இழுக்கப்பட்ட உலோகக் கம்பியின் மின்தடை மாறுவதை 1856-ல் கெல்வின் கண்டார். சிலிக்கானில் அம்மாறுதல் பன்மடங்கு மிகுதி என 1954-ல் சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். இவ்வழியே பாதரசத்தின் இடத்தை வோல்ட் பெற்றது.

ஒரு கருவி சுழி அழுத்தத்தில் 0.5 வோல்ட்டும், 10 பார் அழுத்தத்தில் 4.5 வோல்ட்டும் தருமெனக் கொள்வோம். 2.5 வோல்ட் காட்டின் அழுத்தம் யாது? முதலில் 0.5-ஐக் கழித்தல் வேண்டும். எஞ்சுவது 2, முழு இடைவெளி 4. எனவே 10-ல் பாதி, 5 பார். கழிக்க மறந்தவர்க்கு விடை ஐந்தரையைத் தாண்டும்.

அந்த 0.5 வீணன்று. கம்பி அறுந்தால் கருவி 0 வோல்ட் காட்டும். பழுது வேறு, அழுத்தமின்மை வேறெனத் தெளியலாம். பெரியே மடத்தில் நிறுத்திய குழாயும் இத்தகையதே. தொடக்கத்தை அறியாதார்க்கு அளவு வெற்றெண்ணே என்பதை மாணாக்கர்க்கு உணர்த்துதல் நம் கடன்.