அந்தமானில் டென்ட் போடப் போகிறீர்களா? நாயையும் கூட்டிச் செல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போர்ட் பிளேரின் சாத்தாம் படகுத்துறையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் தெரிவது பாம்பூஃப்ளாட். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆனால் ஊரில் பலருடைய வாயில் இன்னும் பழைய பெயர்தான். பாம்பூஃப்ளாட்டிலிருந்து மேலே ஏறினால் மவுன்ட் மணிப்பூர் தேசியப் பூங்கா வரும். 2021 வரை மவுன்ட் ஹாரியட் என்று அழைக்கப்பட்ட மலை இது. கடல், காடு, அமைதி மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால், இந்தப் பக்கம் வருபவர்களுக்கு "இங்கேயே ஒரு டென்ட் போட்டால் என்ன?" என்று தோன்றுவது இயல்பு.

கூடவே இன்னொரு ஆசையும் வரும். "நம்ம டாமியையும் கூட்டிட்டுப் போனா என்ன?"

கூட்டிப் போகலாமா, கூடாதா என்பதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைவீட்டில் முகாம் போடுவதும், ஒரு தீவில் முகாம் போடுவதும் ஒன்றல்ல. தீவில் உங்கள் நாயின் பழக்கவழக்கம் பக்கத்து டென்ட்காரரின் தூக்கத்தோடு முடிவதில்லை. அந்தத் தீவின் உயிரினங்களையும் அங்கே வாழும் மக்களின் உடல்நலத்தையும் அது தொடுகிறது.

தீவு என்றால் ஏன் கூடுதல் கவனம்?

இந்தியாவில் வெறிநாய்க்கடி நோய் பரவலாக உள்ளது. இதற்கு விதிவிலக்காக நீண்டகாலமாகச் சொல்லப்படும் இடங்கள் இரண்டு: அந்தமான் நிகோபார் தீவுகள், லட்சத்தீவு. சுற்றிலும் கடல் இருப்பதுதான் இந்தத் தீவுகளுக்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை உடைக்க, நோய்க்கிருமியோடு வந்து இறங்கும் ஒரு நாய் போதும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் இந்த நோய் இருந்ததில்லை. 1997-ல் சுலவேசி பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து படகில் வந்த 3 நாய்கள் வழியாக அது நுழைந்தது. பிறகு லட்சக்கணக்கான நாய்களைக் கொன்றும் நோயை ஒழிக்க முடியவில்லை. அதே நாட்டின் பாலி தீவுக்கு 2008-ல் நோய் வந்தது. சில ஆண்டுகளில் 100-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

இந்த நோயின் அறிகுறிகள் தென்படப் பல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பது அதனால்தான் இங்கே செல்லுபடியாகாத வாதம்.

கிளம்புவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தடுப்பூசி. நாய்க்கு முதல் முறையாக வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டால், முழுப் பாதுகாப்பு வர 3 முதல் 4 வாரங்கள் ஆகும். டிக்கெட் எடுத்த பிறகு ஊசி போட ஓடாதீர்கள். ஊசி போட்ட பிறகு டிக்கெட் எடுங்கள்.

இரண்டாவது, எலிக்காய்ச்சல். 1988 வாக்கில் தொடங்கி அந்தமானில் மர்மக் காய்ச்சல் ஒன்று மழைக்காலம் முடியும் சமயங்களில் பலரைத் தாக்கியது. 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அது எலிக்காய்ச்சல்தான் என்பது பிறகு தெரியவந்தது. இந்தக் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். நாய்களுக்குப் போடப்படும் கூட்டுத் தடுப்பூசிகளில் பலவற்றில் இதற்கான மருந்தும் சேர்ந்திருக்கும். உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, காகிதங்கள். தடுப்பூசி அட்டை, பயணத்துக்கு உடல் தகுதி இருப்பதாகக் கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் இரண்டும் கையில் இருக்கட்டும். விமானமோ கப்பலோ, நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, தங்கும் இடம். இந்தியாவில் தேசியப் பூங்காக்களுக்குள் பொதுவாக வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி கிடையாது. பூங்காவுக்குள் நுழையவே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அனுமதி வேண்டும். டென்ட் போடுவதற்கும் அப்படித்தான். தனியார் முகாம் என்றாலும் முன்பதிவின்போதே கேளுங்கள்: நாய்க்கு அனுமதி உண்டா? வேறு நாய்கள் வருகின்றனவா? பகலில் நீங்கள் பூங்காவுக்குப் போனால் நாயோடு யார் இருப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நாயை ஊரில் நம்பிக்கையான ஆளிடம் விட்டுவிட்டு வருவதே நல்லது.

படகில் ஏறும்போது

சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்குத் தரை வழியாகவும் போகலாம், ஆனால் பெரிய சுற்று. அதனால் உள்ளூர்க்காரர்கள் அதிகம் நம்புவது படகைத்தான். பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், காய்கறி மூட்டை, டூவீலர் எல்லாம் அதில்தான். உங்களுக்கு அது சுற்றுலா. அவர்களுக்கு அது தினசரி பஸ்.

எனவே ஏறும் முன் படகு ஊழியரிடம் கேளுங்கள். கூட்ட நேரத்தைத் தவிருங்கள். சங்கிலியைக் கையில் சுருட்டிக் குட்டையாகப் பிடியுங்கள். பெரிய நாய் என்றால் வாய்மூடி போட்டுவிடுங்கள். எல்லோரும் இறங்கிய பிறகு இறங்குங்கள்.

இன்னொன்று. பாம்பூஃப்ளாட்டில் தமிழர், மலையாளி, வங்காளி, தெலுங்கர் எனப் பலரும், பல மதத்தினரும் வாழ்கிறார்கள். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் இருப்பார்கள். நாய் என்றாலே பயப்படுபவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். யாரிடமும் காரணம் கேட்க வேண்டாம். ஒருவர் ஒதுங்கினால் நீங்களும் நாயை இழுத்து ஒதுங்குங்கள். அவ்வளவுதான் மரியாதை.

முகாமில் கடைப்பிடிக்க வேண்டியவை

*சங்கிலி எப்போதும்.* அமெரிக்க தேசியப் பூங்காக்களில் நாயின் சங்கிலி 6 அடிக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. நல்ல அளவு அது. நீங்களும் வைத்துக்கொள்ளலாம். "கடிக்காதுங்க, சும்மா விளையாடுது" என்று சொல்வது உங்களுக்கு ஆறுதல். ஓடி வரும் நாயைப் பார்த்து உறைந்து நிற்கும் குழந்தைக்கு அது ஆறுதல் இல்லை.

*சத்தம்.* டென்ட் துணிக்குச் சத்தத்தைத் தடுக்கும் சக்தி கிடையாது. பழகாத இடத்தில், பழகாத வாசனையில் நாய் இரவெல்லாம் குரைக்கலாம். வீட்டு மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ ஒரு இரவு டென்ட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். அங்கே தூங்காத நாய் தீவிலும் தூங்காது.

*தனியாக விடாதீர்கள்.* மரத்தில் கட்டிவிட்டு நீங்கள் குளிக்கப் போனால், நாய் ஊளையிடும். மூடிய டென்ட்டிலோ காரிலோ விட்டால் அந்தமான் வெயிலில் அதன் உயிருக்கே ஆபத்து.

*மலத்தை அள்ளுங்கள்.* "மண்ணுதானே, மூடிட்டா போச்சு" என்பது கடற்கரையில் எடுபடாது. நாய் மலத்தில் உள்ள கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈர மணலில் பொரிந்து, அதில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகும். தோலில் கோடு கோடாக அரிப்பு வரும். பழைய செய்தித்தாளில் அள்ளி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, குப்பைத் தொட்டி இருக்கும் இடத்தில் போடுங்கள்.

*சாப்பாடு.* நாய்ச் சோற்றைத் திறந்து வைத்தால் எலி வரும், தெருநாய் வரும், உடும்பும் வரும். வைத்த சோற்றை நாய் தின்று முடித்ததும் தட்டைக் கழுவி உள்ளே வையுங்கள்.

நாய் இல்லாதவர்களுக்கும் மரியாதை உண்டு

அடுத்தவர் நாயைத் தொடும் முன் கேளுங்கள். பிஸ்கட், மீன்முள், கோழி எலும்பு எதையும் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். கட்டியிருக்கும் நாயைக் குழந்தைகள் சீண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நாய் தொந்தரவு செய்தால்? முதலில் உரிமையாளரிடம் நேரில், தன்மையாகச் சொல்லுங்கள். "அண்ணே, ராத்திரி பூரா குரைச்சுதே, பாப்பா தூங்கவே இல்ல. கொஞ்சம் அந்தப் பக்கமா கட்டுறீங்களா?" என்பது போதும். பலருக்குத் தங்கள் நாயின் சத்தம் பழகிப்போயிருக்கும், சொன்னால்தான் உறைக்கும். கேட்கவில்லை என்றால் முகாம் நடத்துபவரிடம் சொல்லுங்கள். நாயை விரட்டவோ கல்லெறியவோ வேண்டாம்.

கடற்கரையில் யார் வீட்டுக்குள் நிற்கிறீர்கள்?

அந்தமானின் பூர்வகுடிகளிடம் ஒரு காலத்தில் நாயே கிடையாது. 1858-ல் ஆங்கிலேயர்கள் இங்கே கைதிகள் குடியிருப்பை அமைத்த பிறகுதான் நாய்கள் வந்தன. ஆக, மணலில் முட்டையிடும் ஆமைகளுக்கு நாய் என்பது நேற்று வந்த எதிரி.

அந்தமான் கடற்கரைகளில் பேராமை, அழுங்காமை, ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமை, தோணியாமை என 4 வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. நான்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பங்குனி ஆமை ஒரு குழியில் சுமார் 100 முட்டைகள் இடும். குஞ்சு வெளியே வர 2 மாதம் வரை ஆகும். அந்தக் குழியை மோப்பம் பிடித்துத் தோண்ட ஒரு நாய்க்குச் சில நிமிடங்கள் போதும். முட்டைகளை நாய்களிடமிருந்து காப்பாற்றவும்தான் வனத்துறை அவற்றை எடுத்து வேலியிட்ட பொரிப்பகங்களில் புதைக்கிறது. பங்குனி ஆமையும் தோணியாமையும் அதிகம் கரையேறுவது டிசம்பர் முதல் மார்ச் வரை. அதுதான் சுற்றுலாக் காலமும். இந்த மாதங்களில் இருட்டிய பிறகு நாயோடு கடற்கரைக்குப் போகாதீர்கள்.

இது ஆமைக்காக. உங்கள் நாய்க்காகவும் ஒன்று உண்டு. அந்தமானின் சதுப்புநிலக் காடுகளிலும் கழிகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. நீர் ஓரத்தில் நிற்கும் நாய் அவற்றுக்கு எளிதான இரை. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நாயைக் குளிப்பாட்டாதீர்கள், பந்தைத் தண்ணீரில் எறியாதீர்கள். நாயைத் தேடி முதலை வந்தால், அடுத்து நிற்பது நீங்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவதைக் குற்றமாக்குகிறது. 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-வது பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதையும், பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதையும் குற்றம் என்கிறது.

நாய் கடித்துவிட்டால்?

வாக்குவாதம் பிறகு. முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். உடனே பாம்பூஃப்ளாட் சமூக சுகாதார நிலையத்துக்கோ, போர்ட் பிளேர் ஜி.பி.பந்த் மருத்துவமனைக்கோ போங்கள். "இங்கதான் வெறிநாய் நோயே இல்லையே" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கடித்தது வெளியூரிலிருந்து வந்த நாயாக இருக்கலாம். ஊசி தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாயின் உரிமையாளர் தடுப்பூசி அட்டையைக் காட்டி, கூடவே மருத்துவமனைக்குப் போவதுதான் முறை.

கடைசியாக, எண்ணிக்கை சரிபாருங்கள்

திரும்பும்போது டென்ட், பாய், பாத்திரம் எண்ணுவது போல நாயையும் எண்ணுங்கள். சங்கிலி இல்லாமல் காட்டுக்குள் ஓடித் தொலைந்த நாய், பசியில் ஆமைக் குழியைத் தோண்டும், தெருநாய்களோடு சேர்ந்து பெருகும். அதன் குட்டிகளோடு அந்த ஊர்க்காரர்கள்தான் பல வருடம் மல்லுக்கட்ட வேண்டும். நாய் காணாமல் போனால் வெட்கப்பட்டுக்கொண்டு படகேறி வந்துவிடாதீர்கள். முகாம்காரரிடமும் வனத்துறையிடமும் உடனே சொல்லுங்கள், முடிந்தால் ஒரு நாள் தங்கித் தேடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.