படிப்படியாக இறங்கிய பதினொன்று

இரவு ஒன்பது மணி. மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். துண்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை. அணிலின் வால், முயலின் முகம், பெரிய வட்டக் காதுகள். உங்கள் கையில் ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச். அதற்குள் உலர்ந்த புல்லைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்த கூழ். கடைவாய் ஓரம் நுனியை வைத்து மெல்ல அழுத்தினால், உருண்டை சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறது.

பல்லுக்கு வைத்தியம் பார்த்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வலி போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே கைப்பிடி உலர்புல் இருக்கிறது. ம்ஹூம். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'நீங்களே ஊட்டிவிடுங்களேன், அதுதான் சௌகரியம்' என்பதுபோல் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

சின்சில்லா வளர்க்கிற வீடுகளில் நடக்கிற காட்சி இது. ஒரு செல்லப் பிராணியின் பிடிவாதம். இதில் சரித்திரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. இதே பிராணியின் முன்னோர்களுக்கு, ஒரு பழக்கத்திலிருந்து இன்னொரு பழக்கத்துக்கு எப்படி மாறுவது என்று ஒரு மனிதர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அவகாசம் முழுசாகப் பன்னிரண்டு மாதம். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம், வாருங்கள்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. மேலே போகப்போக மரம் கிடையாது. பாறை, முள்புதர், முரட்டுப் புல், கள்ளி. பகலில் வெயில், ராத்திரியில் உறையவைக்கும் குளிர். பாறை இடுக்குகளில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த சின்னஞ்சிறு பிராணி இது. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான சின்ச்சா மக்களின் பெயரிலிருந்துதான் இதன் பெயர் வந்தது என்பார்கள். எடை அரைக் கிலோ. ஆனால் மேலே போர்த்தியிருந்த ரோமம் இருக்கிறதே, அதுதான் எமனாக வந்து வாய்த்தது.

நம் தலையில் ஒரு மயிர்க்காலிலிருந்து ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று முடி வளரும். சின்சில்லாவுக்கு ஐம்பது, அறுபது! தரையில் வாழும் பாலூட்டிகளில் இதைவிட அடர்த்தியான ரோமம் வேறெதற்கும் கிடையாது. இன்காக்கள் இதை உடுத்தினார்கள். அதுவரை பெரிய ஆபத்தில்லை. ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு இதன் அருமை தெரியவந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. ஒரு முழுநீளக் கோட்டுக்கு நூறு உயிர்களாவது வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிலி நாட்டுத் துறைமுகங்களிலிருந்து வருடத்துக்கு லட்சக்கணக்கில் தோல்கள் கப்பலேறின. கண்ணி வைத்தார்கள். நாய்களை ஏவினார்கள். கண்ணில் பட்டதெல்லாம் காசு.

1910-ல் சிலி, பொலிவியா, பெரு, அர்ஜென்டினா நான்கு நாடுகளும் உட்கார்ந்து பேசி, இனி வேட்டை கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. நல்ல காரியம்தான். ஆனால், தடை வந்ததும் தோலின் விலை எகிறியது. விலை எகிறியதும் திருட்டு வேட்டை சூடுபிடித்தது. மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று.

இந்த நேரத்தில்தான் மத்தியாஸ் சாப்மன் வருகிறார். அமெரிக்கர். அனகோண்டா என்கிற செம்புக் கம்பெனியின் சுரங்க இன்ஜினீயராக சிலியில் வேலை. 1918-ல் உள்ளூர் ஆள் ஒருவர் ஒரு சின்சில்லாவைப் பிடித்து விற்கக் கொண்டுவந்தார். சாப்மன் அதைப் பார்த்தார். விழுந்துவிட்டார். இதை ஊருக்குக் கொண்டுபோய்ப் பண்ணை வைத்தால் என்ன? ஆசாமி ஜீவகாருண்ய சீலர் ஒன்றும் அல்ல. மனத்தில் இருந்தது ரோம வியாபாரம்தான். ஆனால் காரியத்தில் இறங்கிய விதம் இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும்.

23 ஆட்களை வைத்துத் தேடினார். சுமார் மூன்று வருடம். மலை மலையாக அலைந்தும் தேறியது பத்துப் பன்னிரண்டுதான். முன்பு லட்சம் லட்சமாகத் தோல் போன இடத்தில்!

பிடித்தாகிவிட்டது. எப்படிக் கொண்டுபோவது? பிராணிகள் இருந்ததோ பத்தாயிரம் அடிக்கும் மேலே. கப்பல் நிற்பது கடல் மட்டத்தில். அடர்ந்த ரோமத்தைப் போர்த்திக்கொண்டிருக்கிற உயிருக்குச் சூடு ஆகாது. மடமடவென்று கீழே இறக்கினால் செத்துப்போகும். சாப்மன் அவசரப்படவில்லை. கொஞ்சம் இறக்கினார், நிறுத்தினார். அந்தக் காற்றும் வெப்பமும் பழகுகிறவரை காத்திருந்தார். மறுபடி கொஞ்சம் இறக்கினார். இப்படியே பன்னிரண்டு மாதம். கப்பலிலும் கூண்டுகளுக்கு ஐஸ் வைத்துக் குளிர்ச்சி காட்டினார். 1923-ல் கலிபோர்னியாவில் கரை இறங்கியபோது கையில் இருந்தவை 11.

அமெரிக்கப் பண்ணைகளிலும், பின்னாளில் வீடுகளிலும் வளர்ந்த சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வம்சம். இப்போது உங்கள் மடியில் துண்டுக்குள் இருப்பதும் அநேகமாக அதில் ஒன்றுதான்.

சரி, சிரிஞ்சுக்கு வருவோம்.

வம்சம் ஊர் மாறி நூறு வருடம் ஆகிவிட்டது. உடம்பு இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. இதற்கு மொத்தம் 20 பல். இருபதும் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முரட்டுப் புல்லை மணிக்கணக்கில் அரைத்து அரைத்துத் தேய்க்கவேண்டும் என்பது மலையின் ஏற்பாடு. வயிறும் அப்படித்தான். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் ஓடும். ஒரு நாள் பட்டினி கிடந்தாலே குடல் ஸ்தம்பித்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால்தான் நோய்வாய்ப்பட்ட சமயத்தில் கையால் ஊட்டுகிறோம். அது உயிரைக் காப்பாற்றுகிற காரியம். சந்தேகமே வேண்டாம்.

ஆனால் கூழை மெல்லவேண்டியதில்லை. மெல்லாத பல் தேயாது. தேயாத பல் வளர்ந்து கன்னத்தையும் நாக்கையும் குத்தும். குத்தினால் சாப்பிட முடியாது. சாப்பிடாவிட்டால் மறுபடி சிரிஞ்ச். காப்பாற்றிய கையே கட்டிப்போடுகிற கையாகிவிடும். ஆகவே ஒருநாள் ஊட்டுவதை நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

'பசித்தால் தானே தின்னும்' என்று இன்றைக்கே சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. அது மலையிலிருந்து ஒரே நாளில் கீழே இறக்குகிற வேலை.

முதலில், வலி நிஜமாகவே போய்விட்டதா? கடைவாய்ப் பல்லின் வேர் உள்ளுக்குள் வளர்ந்திருந்தால் வெளியே தெரியாது, எக்ஸ்ரேதான் சொல்லும். டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு தராசு வாங்குங்கள். கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதிவையுங்கள். 

அடுத்து, நேரம். இது அந்தி சாய்ந்த பிறகு சுறுசுறுப்பாகிற ஜாதி. அந்த வேளையில் வயிற்றைக் கூழால் நிரப்பிவிட்டால் புல் ஏன் இனிக்கப்போகிறது? எனவே முதலில் குறைக்கவேண்டியது அந்த வேளை ஊட்டலைத்தான். புதிய உலர்புல்லை முன்னால் வையுங்கள். சிரிஞ்சு கூழையே ஸ்பூனில் நீட்டுங்கள். நக்கப் பழகினால் கிண்ணத்தில் வையுங்கள். பிறகு ஊறவைத்த தீவனம், அப்புறம் பொடித்தது, கடைசியில் முழுசு. ஒவ்வொரு படியிலும் எடை நிலையாக நிற்கிறதா, புழுக்கை வழக்கமான அளவில், வழக்கமான எண்ணிக்கையில் விழுகிறதா என்று பாருங்கள். நின்றால் அடுத்த படி. எடை சறுக்கினால் ஒரு படி பின்னால். 500 கிராம் பிராணியில் 50 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. புழுக்கை நின்றாலோ, எடை அந்த அளவுக்கு இறங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடவேண்டும்.

பொறுமை போகும்தான். இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அப்போதெல்லாம் சாப்மனை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதர் வியாபாரிதான். ஆனாலும் எப்போது அடுத்த படி இறங்குவது என்கிற முடிவை அந்தப் பிராணிகளின் உடம்பிடமே விட்டுவிட்டார்.

மலையில் மிஞ்சியவற்றின் கதை என்ன? 1983-ல் சிலியில் இயாபெல் நகரத்துக்குப் பக்கத்தில் லாஸ் சின்சில்லாஸ் என்கிற காப்பகம் அமைத்தார்கள். அங்கேயும் இன்னும் சில இடங்களிலும் காட்டு சின்சில்லாக்கள் இருக்கின்றன. இரண்டு இனங்களுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்கிற பட்டியலில்தான் இருக்கின்றன. வீடுகளில் இத்தனை பெருகியும் மலைக்கு அதனால் லாபமில்லை.

ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பீர்கள். இருட்டில் கூண்டிலிருந்து கறுக் கறுக்கென்று ஒரு சத்தம் வரும். புல் அரைபடுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்க்கவேண்டும்போல் இருக்கும்.

போகாதீர்கள். அது சாப்பிடட்டும்.