ஈஸ்டர் விடியலும் ஒரு கல்லறைத் தோட்டமும்

வங்கிக்காரனுக்கும் ஈஸ்டருக்கும் ஏழாம் பொருத்தம். மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரும் பண்டிகை அது. எங்கள் இயர் எண்டிங்கும் அதே சமயம்தான். 2024-ல் ரெண்டும் ஒரே நாள், மார்ச் 31 ஞாயிறு. அரசுக் கணக்கு பார்க்கும் வங்கிகள் அன்றைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. லீவாவது, ஊராவது!

நாக்பூரிலேயே, சர்ச் மைதானத்தில் நடந்த விடியற்கால ஆராதனைக்குக் குடும்பத்தோடு போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, கையில் மெழுகுவர்த்தி, கிழக்கே லேசாகச் சிவப்பு. முடிந்ததும் ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்டாள்.

"அப்பா, நம்ம ஊர்ல இன்னைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குத்தானே போவாங்க? இங்க ஏன் போகல?"

"இங்க நமக்கு யாரும்மா இருக்கா?"

சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. என் அப்பா இறந்து அப்போது ஏழு மாதம். நாசரேத் பக்கம் எங்கள் கிராமத்தில் அடக்கம். அந்த முதல் ஈஸ்டருக்கு மகன் நான் அங்கே இல்லை.

அன்று ராத்திரி கிளையில் கணக்கை முடித்துவிட்டு வந்து, தூக்கம் வராமல், இந்த விடியல் ஆராதனை எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தேன். பி.காம்காரன் சரித்திரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் சாக்சனியில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர். மொராவியாவில் மத நெருக்கடி தாங்காமல் ஓடிவந்த ஜனங்களுக்கு சின்சென்டார்ஃப் பிரபு தன் நிலத்தில் இடம் கொடுக்க, 1722-ல் கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர் முதல் மரத்தை வெட்டினார். அதுவும் நம்மைப் போல் ஊர்விட்டுப் போனவர்கள் ஊர்தான். 1730-ல் ஹூட்பெர்க் குன்றுச் சரிவில் கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். 1732 ஏப்ரல் 13, ஈஸ்டர். மணமாகாத வாலிபர்கள் இருட்டிலேயே குன்றேறி, கல்லறைகள் நடுவே நின்று விடியும்வரை பாடினார்கள். அடுத்த வருஷம் சபையே கூட வந்தது.

அங்கிருந்து கிளம்பிய மிஷனரிகளோடு வழக்கமும் கடல் தாண்டியது. 1772-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சேலத்தில் (நம்ம சேலம் இல்லைங்க!) தொடங்கியது இன்றும் நடக்கிறது. ராத்திரியிலேயே பித்தளை வாத்தியக்காரர்கள் தெருத்தெருவாக வாசித்து ஊரை எழுப்புவார்கள். இதே மொராவியர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். சுமார் 40 வருஷம் தாக்குப்பிடித்தார்கள். பலர் அந்த மண்ணிலேயே மாண்டார்கள்.

என்னை யோசிக்க வைத்தது அவர்கள் அடக்கம் செய்யும் முறை. சேலத்தில் குடும்பக் கல்லறையே கிடையாது. கணவன் ஆண்கள் பகுதியில், மனைவி பெண்கள் பகுதியில். இறந்த வரிசைப்படி இடம். பணக்காரனுக்கும் ஏழைக்கும் தரையோடு படுத்த ஒரே மாதிரிக் கல். பக்கத்தில் யார் வருவார் என்று யாரும் தீர்மானிக்க முடியாது. இத்தனை சமத்துவம் பேசியவர்களும் 1816-ல் கறுப்பின மக்களுக்கு வேறு இடம் ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் பார்த்த நமக்கு இது புதிதில்லை.

படித்து முடித்தபோது மகளுக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு டீச்சரம்மா இருந்தார். நான் டிரான்ஸ்பரில் இங்கே வந்த புதிதில், வீடு கிடைக்கும்வரை ரெண்டு வாரம் சோறு போட்டவர். பிள்ளைகள் வெளிநாட்டில். இங்கேயேதான் புதைத்தோம். அடக்கத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

2025 ஈஸ்டர் ஏப்ரல் 20. ஆராதனை முடிந்து நேராக அங்கே போனோம். செடி மண்டிக் கிடந்தது. மனைவி புல்லைப் பிடுங்க, நான் கல்லைத் துடைத்தேன். மகள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மூன்று பேருமாக ஒரு பாட்டுப் பாடினோம்.

திரும்பும் வழியில் ஊருக்குப் போன் போட்டேன். அப்பா கல்லறையில் தம்பி பூ வைத்திருந்தான். பக்கத்திலேயே பம்பாயில் இருக்கும் ஒருவருடைய தாயின் கல்லறை.

"அதுக்கும் சேர்த்து வச்சிட்டேன்ணே" என்றான்.