அலமாரியின் கதை: மடிப்பதா, மாட்டுவதா?

எங்கள் வீட்டில் எனக்கும் தங்கைக்கும் சேர்த்து படுக்கையறையில் ஒரே ஒரு சுவர் அலமாரி. காலையில் கிளம்பும் நேரத்தில் அதன் முன்னால் ஒரு சண்டை கட்டாயம் உண்டு. பொறுத்துப் பார்த்த அப்பா, "ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார். எந்தத் தட்டு எங்கே வேண்டும் என்று நீயே வரைந்து கொடு" என்று சொல்லிவிட்டார். பென்சிலோடு உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பெயர். அலமாரி தமிழ்ச் சொல் இல்லை. போர்த்துக்கீசியரின் 'அர்மாரியோ'தான் நம் வாயில் அலமாரி ஆனது. அதற்கும் மூலம் 'அர்மாரியம்' என்ற லத்தீன் சொல். கருவிகளும் ஆயுதங்களும் வைக்கும் பெட்டகம் என்று பொருள். பீரோ என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது எழுதும் மேசை!

இடைக்கால ஐரோப்பாவில் துணிகள் இருந்தது மூடி போட்ட மரப்பெட்டியில். அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் மேலே உள்ள எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு விடையாக 17ஆம் நூற்றாண்டில் இழுப்பறைகள் வைத்த பெட்டி பரவியது. 'குளோசெட்' என்ற ஆங்கிலச் சொல் அப்போது படிக்கவும் ஜெபிக்கவும் ஒதுங்கும் சிறிய அறையைக் குறித்தது. 1660 முதல் 1669 வரை லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், தன் புத்தகங்கள் இருந்த அறையைத்தான் அப்படிச் சொல்கிறார்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. காலனிக் காலத்தில் குளோசெட்டையும் ஓர் அறையாக எண்ணி வரி போட்டார்களாம், அதனால்தான் பழைய வீடுகளில் அது இல்லையாம். நானும் நம்பிவிட்டேன். ஆனால் அப்படி ஒரு வரிச்சட்டம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. உண்மைக் காரணம் ரொம்பச் சாதாரணம். பெரும்பாலோரிடம் துணியே கொஞ்சம்தான். நாலு மர முளையும் ஒரு பெட்டியும் போதுமானதாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஷேக்கர்கள். தனிச் சொத்து இல்லாமல் கூட்டாக வாழ்ந்த கிறிஸ்தவக் குழுவினர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து என்ஃபீல்டில் 1841ல் அவர்கள் கட்டி முடித்த கல் வீட்டில், சுவரோடு சேர்த்துச் செய்த இழுப்பறைகள் மட்டும் 860! அறைகளின் சுவரில் வரிசையாக முளைகள்; தொப்பி மட்டுமல்ல, நாற்காலியையும் அதில் மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள்.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தைத்த உடை. கோட்டையும் கவுனையும் மடித்தால் சுருங்கும், தோள் வடிவம் கெடும். 1869ல் ஓ. ஏ. நார்த் என்ற அமெரிக்கர் துணி மாட்டும் கொக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1903ல் மிச்சிகனில் ஆல்பர்ட் பார்க்ஹவுஸ் என்ற தொழிலாளி, வேலைக்கு வந்தபோது கோட் மாட்ட முளை காலியாக இல்லாததால் ஒரு கம்பியை வளைத்து ஹேங்கர் செய்தார் என்று சொல்வார்கள். ஹேங்கர்களை ஒரு கழியில் வரிசையாக மாட்டினால் நிறையத் துணி பிடிக்கும். ஆனால் அலமாரிக்குச் சுமார் 24 அங்குல ஆழம் வேண்டும். 1945ல் ஜார்ஜ் நெல்சனும் ஹென்றி ரைட்டும், அறைகளுக்கு இடையே உள்ள சுவரையே தடிமனாக்கி அலமாரி ஆக்கலாம் என்று 'ஸ்டோரேஜ்வால்' யோசனையை வெளியிட்டார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். அலமாரியின் அமைப்பைத் தீர்மானிப்பது துணியின் வடிவமும் எண்ணிக்கையும்தான். புடவையும் வேட்டியும் தைக்காத துணி. மடித்தால் அழகான செவ்வகம். தட்டு வைத்த, ஆழம் குறைந்த அலமாரி அவற்றுக்குப் போதும். சுடிதாரும் சட்டையும் அப்படி இல்லை.

ஸ்கேல் எடுத்து அளந்தேன். எங்கள் அலமாரியின் ஆழம் 18 அங்குலம். ஹேங்கரே சுமார் 17 அங்குலம். துணி மாட்டினால் கதவு மூடாது. ஆக, நான் கனவு கண்ட கழி கிடையாது. உயரமாக அடுக்கினால் சரியும் என்பதால், 10 அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று வரைந்தேன்.

பிறகு இருவர் துணியையும் எண்ணினோம். தங்கையுடையது 29. என்னுடையது 52. இத்தனை நாளாக "உன் துணிதான் இடத்தை அடைக்கிறது" என்று கத்திக்கொண்டிருந்தது நான்!

வரைபடத்தில் சரிபாதி அவளுக்கு என்று கோடு போட்டேன். என் பாதியில் அடங்காத 16 உடைகளை எடுத்து வைத்திருக்கிறேன், யாருக்காவது கொடுக்க.

நண்பர்களே, ஆசாரியைக் கூப்பிடும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் கணக்கு என்ன வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.